டாக்டர் பாப்பனிகோலாவ்: நுண்ணோக்கியின் முன் ஒரு வாழ்வு

அறிவியல் மேதைகள் என்றதும் நம் நினைவுக்கு வருவோர் சிலரே. நியூட்டன், டார்வின், மேரி கியூரி, நம் நாட்டுச் சர் சி. வி. இராமன் என விரல்விட்டு எண்ணிவிடலாம். இவர்களைப் பற்றி நம் கல்லூரி மலரில் ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் எழுதிவிடுகிறார். நான் எழுத எடுத்துக்கொண்டவரின் பெயர் எளிதில் வாயில் நுழையாது. ஜார்ஜ் பாப்பனிகோலாவ் என்பது அப்பெயர். ஆனால் அந்த நீண்ட பெயரின் தலைப்பகுதியான ‘பாப்’ என்னும் சொல்லை உலகெங்கும் உள்ள மகளிர் மருத்துவர்கள் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கருப்பை வாயில் புற்றுநோய் தோன்றுமுன்பே அதனைக் கண்டறிய உதவும் ‘பாப் ஸ்மியர்’ சோதனை அவர் பெயரால் வழங்குவதே.

மாதவிடாய், கருப்பை என்னும் சொற்கள் வரும் கட்டுரையை மலருக்குக் கொடுக்கலாமா என்று தோழியர் சிலர் தயங்கினர். ‘தைராய்டு சுரப்பியைப் பற்றி எழுதினால் தயங்குவீர்களா?’ என்று எங்கள் துறைப் பேராசிரியை ஒருவர் கேட்டார். அதற்குமேல் தயக்கத்திற்கு இடமில்லை. விலங்கியல் மாணவியாகிய நான், ஒரு விலங்கியல் ஆய்வாளரின் வாழ்வைச் சொல்கிறேன். அவ்வளவே.

பிறப்பும் கல்வியும்

கிரேக்க நாட்டின் கிழக்குக் கரையோரம் யூபியா என்றொரு நீண்ட தீவு உண்டு. அதில் கடலைப் பார்த்த மலைச்சரிவில் அமைந்த சிற்றூர் கீமி. அவ்வூரில் 1883ஆம் ஆண்டு மே திங்கள் 13ஆம் நாள் ஜார்ஜ் பிறந்தார். தந்தையார் நிக்கோலாஸ் மருத்துவர். ஊர்த் தலைவராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர். மகனும் மருத்துவம் படித்து, கீமியிலேயே மருத்துவமனை நடத்தி, தம் இடத்தை நிரப்ப வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ இசையிலும் இலக்கியத்திலும் நாட்டம். வயலின் வாசிக்கக் கற்றிருந்தார். (அந்த வயலின் பின்னொரு நாள் அவருக்குச் சோறு போட்டது.) ஆயினும் தந்தை சொல்லைத் தட்டாமல் ஏதென்சுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1904இல் உயர்ந்த தகுதியுடன் மருத்துவப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 21.

கட்டாயப் படைப்பணி முடிந்து ஊர் திரும்பியவர், ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தொழுநோயாளிகளைச் சிலகாலம் கவனித்துக்கொண்டார். ஆனால் மனம் அங்கே நிலைகொள்ளவில்லை. உயிர் எப்படி உருவாகிறது, ஓர் உயிர் ஆணாவதும் பெண்ணாவதும் எதனால் என்னும் கேள்விகளே அவரை ஆட்டிப்படைத்தன. அக்காலத்தில் உயிரியலுக்குத் தலைநகர் ஜெர்மனி. 1907இல் அங்குச் சென்று, ஜீனாவில் ஹெக்கல், ஃப்ரைபர்க்கில் வைஸ்மன், மியூனிக்கில் ஹெர்ட்விக் என்று நம் பாடநூல்களில் காணும் பெரியோரிடமே பயின்றார். 1910இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள், டாஃப்னியா என்னும் நீர்ப்பூச்சியில் பால் நிர்ணயம். நம் ஆய்வுக்கூடத்தில் குளத்துநீரை எடுத்து வந்து நுண்ணோக்கியில் வைத்தால் துள்ளித் துள்ளி ஓடுமே, அந்தச் சின்னஞ்சிறு உயிர்தான். அது பிற்காலத்தில் அமெரிக்காவில் அவருக்கு ஒரு வாசலைத் திறந்துவிடும் என்று அன்று யார் அறிவார்?

தாயகம் திரும்பும் வழியில், ஒரு கப்பலில், அண்ட்ரோமகே மாவ்ரோகேனி என்னும் பெண்ணைச் சந்தித்தார். படைத்துறை அதிகாரி ஒருவரின் மகள். பிரெஞ்சு மொழியிலும் பியானோவிலும் தேர்ந்தவர். 1910இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. அமெரிக்காவில் மேரி என்று அழைக்கப்பட்ட அவரைக் கட்டுரை முழுவதும் அப்பெயராலேயே குறிக்கிறேன். இந்த வரலாற்றில் பாதி மேரியுடையது என்பதைப் போகப்போகக் காண்பீர்கள்.

மொனாக்கோவின் கடலாய்வு நிலையத்தில் ஓராண்டு வேலை பார்த்தார். தாயார் மறைந்த செய்தி கேட்டு ஊர் வந்தார். அதற்குள் 1912இல் பால்கன் போர் மூண்டது, படைமருத்துவரானார். போர்முனையில், அமெரிக்காவிலிருந்து தாய்நாட்டுக்காகப் போரிட வந்திருந்த கிரேக்க இளைஞர்களுடன் பழகினார். உழைப்பவனுக்கு அங்கே வழியுண்டு என்று அவர்கள் சொன்னது மனத்தில் பதிந்தது.

ஒரு நாள் கம்பள வியாபாரி

1913 அக்டோபர் 19ஆம் நாள் நியூயார்க் துறைமுகத்தில் கணவனும் மனைவியும் இறங்கினர். கையில் சுமார் 250 டாலர். இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. ஒருவர் இரண்டு பட்டங்கள் பெற்றவர். மற்றவர் செல்வக் குடும்பத்துப் பெண். ஜிம்பெல்ஸ் என்னும் பெரிய கடையில் மேரிக்குப் பொத்தான் தைக்கும் வேலை கிடைத்தது. கூலி வாரத்திற்கு 5 டாலர். அதே கடையில் கணவருக்குக் கம்பளம் விற்கும் வேலை. அவர் அந்த வேலையில் இருந்தது ஒரே நாள். கப்பலில் உடன்வந்த அம்மையார் ஒருவர் கடைக்கு வந்து, இந்த மருத்துவரைக் கம்பளங்களின் நடுவே பார்த்துவிட்டார். அந்தக் கூச்சத்தில் வேலையை விட்டுவிட்டார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சிறு வருத்தம் உண்டு. மனைவி மட்டும் பொத்தான் தைத்துக்கொண்டே இருந்தாரே! பிறகு உணவு விடுதிகளில் வயலின் வாசித்தார். ‘அட்லாண்டிஸ்’ என்ற கிரேக்கச் செய்தித்தாளில் எழுத்தராக இருந்தார்.

அந்நாளில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் பழப்பூச்சிகளை வைத்து மரபியலின் அடிப்படைகளை நிறுவிக்கொண்டிருந்தார். பாப்பனிகோலாவ் அவரைப் போய்ப் பார்த்தார். டாஃப்னியா ஆய்வை மார்கன் முன்பே படித்திருந்தார்! அவருடைய பரிந்துரையால் நியூயார்க் மருத்துவமனையின் நோய்க்குறியியல் பிரிவிலும், 1914இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு இயல் துறையிலும் இடம் கிடைத்தது. துறைத்தலைவர் சார்லஸ் ஸ்டாக்கார்டு. மேரியும் பொத்தான் கடையை விட்டுவிட்டு, அதே ஆய்வுக்கூடத்தில் கணவருக்கு உதவியாளர் ஆனார். அதன்பின் அந்தக் கல்லூரியில் அவர் பணியாற்றியது 47 ஆண்டுகள்.

கினிப்பன்றி கற்பித்த பாடம்

ஸ்டாக்கார்டு, சாராய ஆவியைக் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்து, குட்டிகளுக்கு என்ன நேர்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பாப்பனிகோலாவுக்கோ பால் நிர்ணயத்திலேயே கண். அதற்குக் கினிப்பன்றியின் முட்டை வேண்டும். அதுவும் சூலகத்திலிருந்து விடுபடப்போகும் நேரத்து முட்டை வேண்டும். அந்த நேரம் எது? வெளியே அறிகுறி ஒன்றும் தெரிவதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுபோல் விலங்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொன்று பார்க்க வேண்டியிருந்தது.

அப்போது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. மனித இனத்துப் பெண்களுக்கு மாதந்தோறும் உதிரம் வெளிப்படுகிறது. அப்படியானால் பிற பாலூட்டிகளின் பெண்ணினத்திலும் ஏதோவொரு வெளிப்பாடு காலமுறைப்படி இருக்க வேண்டுமல்லவா? மிகச் சிறிதாக இருப்பதால் நம் கண்ணுக்குத் தப்புகிறதோ? மாடு வளர்க்கும் வீட்டில் பிறந்த எனக்கு இந்த எண்ணம் வியப்பாகத் தோன்றவில்லை. பசு பருவத்துக்கு வந்தால் கத்தும், தீனி தின்னாது, பின்புறம் கண்ணாடி போன்ற கோழை தொங்கும். உடனே சினை ஊசி போட ஓட்டிச் செல்வார்கள். எழுத்தறியாத என் பாட்டி அதைக் கண்டு நேரம் சொல்வார். ஆனால் கினிப்பன்றியில் அதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தவர் இவர்.

சிறிய மூக்குச் சோதனைக் கருவி ஒன்றை வாங்கிவந்து, அதனைக் கொண்டு கினிப்பன்றியின் பிறப்புறுப்பின் உட்புறத்தைப் பார்த்தார். எதிர்பார்த்ததுபோல் உதிரம் ஒன்றும் தென்படவில்லை. வேறொருவராயின் அத்தோடு விட்டிருப்பார். இவர் அங்கிருந்த சிறிதளவு நீர்மத்தை எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசி, நுண்ணோக்கியில் வைத்தார். அங்கே ஓர் உலகமே தெரிந்தது! ஒரு நாள் தட்டையான மேல்தோல் உயிரணுக்கள் குவிந்திருந்தன. வேறொரு நாள் வெள்ளணுக்கள் திரண்டிருந்தன. மற்றொரு நாள் உருவமே மாறியிருந்தது. சுமார் 16 நாள்களில் அதே வரிசை மீண்டும் திரும்பியது. சூலகத்தில் என்ன நடக்கிறது என்பதை, விலங்கைக் கொல்லாமலே, ஒரு துளி நீர்மத்தைக் கொண்டு சொல்லிவிட முடிந்தது.

ஸ்டாக்கார்டும் பாப்பனிகோலாவும் இதனை 1917இல் வெளியிட்டனர். இதன் பயன் கினிப்பன்றியோடு நிற்கவில்லை. 1922இல் லாங், எவன்ஸ் என்போர் எலியிலும், ஆலன் என்பவர் சுண்டெலியிலும் இதே முறையைக் கையாண்டனர். 1923இல் ஆலனும் டாய்சியும் சூலக நீர்மத்தைச் சுண்டெலிக்கு ஊசியாகச் செலுத்தி, பூச்சில் தோன்றும் உயிரணுக்களைக் கொண்டே அதில் ஹார்மோன் இருப்பதை மெய்ப்பித்தனர். ஈஸ்ட்ரோஜன் என்று நாம் பாடத்தில் படிக்கும் ஹார்மோனின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒரு மூக்குக் கருவி இருக்கிறது என்பதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை.

மேரி

விலங்கில் கண்டது மனிதரிலும் உண்டா? இக்கேள்வி எழுந்தபோது மாதவிடாய்ச் சுழற்சியைப் பற்றி மருத்துவ உலகம் அறிந்திருந்தது மிகக் குறைவு. கருமுட்டை எந்த நாளில் வெளிப்படுகிறது என்பதே தெளிவாகத் தெரியாது. அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன்பு அது நிகழ்கிறது என்னும் உண்மையை ஜப்பானில் ஒகினோவும் ஆஸ்திரியாவில் க்னாவுசும் தனித்தனியே கண்டு சொன்னது 1920களில்தான்.

இத்தகைய ஆய்வுக்கு ஒரு பெண்ணிடமிருந்து ஒருநாள் இருநாள் அன்று, மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காகப் பூச்சு எடுக்க வேண்டும். யார் சம்மதிப்பார்? மேரி சம்மதித்தார். ஏறத்தாழ 21 ஆண்டுகள், ஆய்வுக்குத் தேவைப்பட்ட மாதிரிகளை அவர் அளித்துவந்தார். பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர், மாலையில் வீட்டுத் தலைவி, இவற்றோடு ஆய்வுப் பொருளும் அவரே. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. தம் தோழியரையும் அவர் அழைத்துவந்து மாதிரி கொடுக்கச் செய்தார். அவர்களுள் ஒருவருக்குப் பின்னர் புற்றுநோய் வெளிப்பட்டது என்றும் கூறுவர்.

எங்கள் செய்முறை வகுப்பில் கன்னத்தின் உட்புறத்தைத் தீக்குச்சியால் மெல்லச் சுரண்டி, மெத்திலீன் நீலம் இட்டு, உயிரணுக்களைப் பார்த்ததுண்டு. தரையில் பதித்த ஓடுகள்போல் தட்டையான அணுக்கள், நடுவில் ஒரு நீலப் புள்ளி. பாப்பனிகோலாவ் கண்டதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த அணுக்களே. ஈஸ்ட்ரோஜன் மிகும் நாள்களில், அதாவது கருமுட்டை வெளிப்படும் நேரத்தை ஒட்டி, மேலடுக்கு அணுக்கள் அகன்று விரிந்து, அவற்றின் உட்கரு சுருங்கிச் சிறு புள்ளியாகிறது. அதன்பின் இடையடுக்கு அணுக்கள் மிகுகின்றன. உடலின் உள்ளே ஓடும் கடிகாரத்தின் முள் இந்த அணுக்களில் தெரிகிறது. இவற்றையெல்லாம் தொகுத்து 1933இல் பெண்களின் சுழற்சி பற்றிய விரிவான நூலை வெளியிட்டார்.

ஒதுக்கப்பட்ட கண்டுபிடிப்பு

1920களின் நடுவில் மருத்துவமனைப் பெண்கள் பலரிடமிருந்து மாதிரிகளைத் திரட்டத் தொடங்கினார். அவருள் ஒருவர் கருப்பை வாய்ப் புற்றுநோய் உடையவர். அவருடைய பூச்சை நோக்கியபோது, வழக்கமான அணுக்களிடையே முற்றிலும் வேறான அணுக்கள் தென்பட்டன. உட்கரு பெருத்து, உருக்குலைந்து, அடர்நிறமாய், அணுவில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருந்தது. வாய்க்குள் கத்தி செல்லாமல், திசுவை வெட்டாமல், உதிர்ந்த அணுவைக் கொண்டே புற்றுநோயைக் காண முடியும்! தம் அறிவியல் வாழ்வின் மிகப் பெரிய சிலிர்ப்புகளுள் அது ஒன்று என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார்.

1928 சனவரியில் மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக் என்னும் ஊரில் நடந்த மாநாட்டில் இதனைப் படித்தார். அது ‘இன மேம்பாடு’ பேசுவோர் கூட்டிய மாநாடு. இக்கண்டுபிடிப்பு அரங்கேறிய இடம் சரியில்லை என்றே எனக்குப் படுகிறது. அரங்கம் குளிர்ந்தே இருந்தது. கருப்பை வாய் எட்டும் தொலைவில்தான் இருக்கிறது, ஐயம் இருந்தால் திசுவை வெட்டிப் பார்க்கலாம், உதிர்ந்த அணுக்களைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்பது அன்றைய நோய்க்குறியியல் வல்லுநர் பலருடைய கருத்து. அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஐயம் ஏற்பட்டவருக்கு வெட்டிப் பார்க்கலாம். ஐயமே ஏற்படாத இலட்சக்கணக்கான பெண்களுக்கு என்ன செய்வது என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அங்கேதான் தவறினர்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அதே காலத்தில் ருமேனியா நாட்டு மருத்துவர் ஆரெல் பாபேஷ், பிளாட்டினக் கம்பி வளையத்தால் கருப்பை வாயிலிருந்து அணுக்களை எடுத்து இதே முடிவுக்கு வந்தார். 1927இல் தம் நாட்டில் அறிவித்து, 1928இல் பிரெஞ்சு இதழில் வெளியிட்டார். அவர் முறையும் இவர் முறையும் வேறு வேறு. ஒருவரை ஒருவர் அறியார். புகழ் ஒருவருக்கே போய்ச் சேர்ந்தது.

மாநாட்டிலிருந்து திரும்பியவர் சண்டை பிடிக்கவில்லை. புற்றுநோய் ஆய்வை ஓரமாக வைத்துவிட்டு, மாதவிடாய்ச் சுழற்சியையே தொடர்ந்து ஆராய்ந்தார். பத்தாண்டுகளுக்கு மேல் அப்படியே கழிந்தன. 1939இல் ஸ்டாக்கார்டு மறைந்து, ஜோசப் ஹின்சி துறைத்தலைவர் ஆனார். அவர் பழைய ஆய்வை மீண்டும் எடுக்குமாறு ஊக்கினார். மகளிர் மருத்துவர் ஹெர்பர்ட் ட்ராட் உடன் சேர்ந்தார். நியூயார்க் மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும், என்ன நோய்க்கு வந்தவராயினும், பூச்சு எடுப்பதென முடிவாயிற்று. நோய் இருப்பதாக யாரும் நினைத்திராத பெண்களிடத்திலும், கண்ணுக்குத் தெரியாத தொடக்க நிலையில், மாறிய அணுக்கள் கிடைத்தன. முடிவுகள் 1941இல் கட்டுரையாகவும், 1943இல் நூலாகவும் வந்தன. அந்நூலின் வண்ணப் படங்களைத் தீட்டியவர் ஹஷிமே முராயமா என்னும் ஜப்பானிய ஓவியர். அமெரிக்காவும் ஜப்பானும் போரிட்டுக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அணுக்களைத் தெளிவாகப் பிரித்துக்காட்டும் சாயமேற்றும் முறையை 1942இல் வெளியிட்டார். ஹீமடாக்சிலின் உட்கருவை நீலமாக்கும். ஆரஞ்சு ஜி, ஈயோசின் முதலான சாயங்கள் அணுவின் முதிர்ச்சிக்கேற்ப இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, நீலப்பச்சை என்று நிறம் கொடுக்கும். ஈரம் காயுமுன் சாராயக் கரைசலில் இட்டு நிலைப்படுத்த வேண்டும்; காய்ந்துவிட்டால் உட்கரு சிதைந்து ஏமாற்றும். சாயமேற்றப் பழகும் நம்மைப் போன்றோர்க்கு இந்தச் சின்னச் செய்தியின் அருமை தெரியும். 1947இல் கனடாவின் ஏயர் என்பவர், மரத்தாலான சிறு தகட்டால் கருப்பை வாயையே சுரண்டி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தபின் சோதனை மேலும் எளிதாயிற்று. இத்தனைக்கும் செலவு மிகக் குறைவு. ஒரு மரத்தகடு, ஒரு கண்ணாடித் துண்டு, சில சாயங்கள், பழகிய இரு கண்கள்.

பழகிய கண்கள் என்றேன். கண்ணாடித் துண்டுகள் ஆயிரக்கணக்கில் குவியத் தொடங்கியபோது, அவற்றைப் பார்த்துப் பிரிக்க மருத்துவர்கள் போதவில்லை. அறிவியல் படித்தவர்களைப் பயிற்றி அப்பணியில் அமர்த்தினர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாப்பனிகோலாவே பலருக்கு வகுப்பு நடத்தினார். 1954இல் வெளிவந்த அவருடைய பெரும் பட நூல் இத்துறைக்கு அகராதி போன்றது.

ஒரு நோயின் வரலாறு

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதன்று. முதல் அணு மாறியதிலிருந்து புற்று வேர்விட 10 அல்லது 15 ஆண்டுகள்கூட ஆகும். அத்தனை ஆண்டுகளும் வலி இருக்காது. அந்த நீண்ட இடைவெளியில் ஒருமுறை பார்த்துவிட்டால், சிறு சிகிச்சையால் அகற்றிவிடலாம். பாப்பனிகோலாவின் சோதனை முறையாக நடைபெற்ற நாடுகளில் இந்நோயால் இறப்போர் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா ஐந்தாம் வகுப்பு; அம்மாவின் அக்காள், எங்கள் பெரியம்மா, பள்ளிக்கே போனதில்லை. ‘வீட்டுக்குத் தூரம்’ என்றால் கொல்லைப்புறம் தனிப்பாய், தனித்தட்டு என்னும் வழக்கம் எங்கள் ஊரில் அண்மைக்காலம் வரை இருந்தது. தீட்டு என்று பெயரிட்டுவிட்டதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரியம்மாவுக்கு மாதவிலக்கு நின்று ஆறு ஆண்டுகள் கழித்து மறுபடியும் உதிரம் பட்டது. உடம்புச் சூடு என்று வெந்தயமும் சோற்றுக்கற்றாழையும் தின்று பார்த்தார். பழைய புடவையைக் கிழித்து வைத்துக்கொண்டு களையெடுக்கப் போனார். இடுப்பு வலியால் நடக்க முடியாமற்போன பிறகே, அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்தே, அம்மாவிடம் சொன்னார். பெரிய மருத்துவமனையில் அறுவைக்கு இடமில்லை என்று சொல்லி, கரண்ட் வைத்தார்கள். பதினொரு மாதங்கள் இருந்தார். வயது 54.

அப்போது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனைச் சீட்டைப் படித்துச் சொல்ல வீட்டில் என்னைத்தான் அழைப்பார்கள். மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று எந்த நூலிலும் முதல் பக்கத்தில் இருக்கிறது. அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. சோதனையைக் கண்டுபிடித்தவரின் பெயரை நூலகத்தில் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இக்கதையின் பிற்பகுதியைப் பாப்பனிகோலாவ் பார்க்கவில்லை. அந்த அணுக்கள் ஏன் மாறுகின்றன? ஜெர்மனியின் ஹரால்டு சுர் ஹவுசன், பாப்பிலோமா என்னும் வைரசின் சில வகைகளே காரணம் என்பதை 1983, 1984ஆம் ஆண்டுகளில் காட்டினார். 2008இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2006இல் வந்தது. நம் நாட்டிலேயே தயாரான தடுப்பூசிக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. வைரசையே நேரடியாகக் கண்டறியும் சோதனையும் இன்று வந்துவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் இப்போது அதனையே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது.

பாப் சோதனைக்கு நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். முடிவு வரச் சில நாள்கள் ஆகும். ஒருமுறை வந்த கிராமத்துப் பெண் மறுமுறை வருவாரா? இதற்கு விடை தேடிய பெரிய ஆய்வு ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு நடந்தது. கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவினால், மாறுதல் உள்ள இடம் வெண்மையாகும். பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணாலேயே பார்த்துச் சொல்லிவிடலாம். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு ஒரேயொரு முறை இவ்வாறு பார்த்ததிலேயே இந்நோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என்பது 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று. நம் அரசு மருத்துவமனைகளில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இச்சோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. நேரம் சில நிமிடங்களே. வலியும் பெரிதாக இல்லை. சென்ற ஆண்டு எங்கள் தெருவிலிருந்து ஏழு பேர் ஒன்றாகச் சென்றுவந்தனர். அம்மா அவர்களில் ஒருவர். ஒருவரைக் கூடுதல் சோதனைக்கு அனுப்பினார்கள். சிகிச்சை முடிந்து நலமாக இருக்கிறார்.

இறுதி ஆண்டுகள்

1950இல் புகழ்பெற்ற லாஸ்கர் விருது பாப்பனிகோலாவுக்கு வழங்கப்பட்டது. நோபல் பரிசுக்குப் பலமுறை பெயர் முன்மொழியப்பட்டும் கிடைக்கவில்லை. விடுமுறை என்பதை அவர் அறியார். லாங் ஐலண்டு வீட்டிலிருந்து நாள்தோறும் நெடுந்தொலைவு பயணம் செய்து கல்லூரிக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் நுண்ணோக்கி ஓய்வதில்லை. மேரி உடனிருந்து கண்ணாடித் துண்டுகளை வரிசைப்படுத்துவார். இத்தகைய வாழ்வைப் போற்றுவதா, அந்த அம்மையாருக்காக வருந்துவதா என்று எனக்கு முடிவாகத் தெரியவில்லை. தாம் விரும்பியே அவ்வாறு வாழ்ந்ததாக மேரி பின்னாளில் தெரிவித்திருக்கிறார்.

1961இல், 78 வயதில், மயாமி நகரில் புதிதாக அமைந்த புற்றுநோய் ஆய்வு நிலையத்தின் பொறுப்பை ஏற்கக் கார்னெலை விட்டுச் சென்றார். அங்குச் சென்ற சில மாதங்களிலேயே, 1962 பிப்ரவரி 19ஆம் நாள், மாரடைப்பால் காலமானார். அந்நிலையத்துக்குப் பின்னர் அவர் பெயரையே சூட்டினர். கணவர் மறைந்தபின் மேரி இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1982இல் மறைந்தார்.

1978இல் அமெரிக்க அரசு அவர் உருவத்துடன் 13 சென்ட் அஞ்சல்தலை வெளியிட்டது. 1995இல் கிரேக்க அரசு வெளியிட்ட 10,000 திராக்மா பணத்தாளில், நுண்ணோக்கியின் அருகே அவர் முகம் இருந்தது. மறுபக்கத்தில் பண்டைக் கிரேக்கரின் மருத்துவத் தெய்வமான அஸ்கிளேப்பியஸ். 2002இல் யூரோ நாணயம் வந்தபின் அந்தத் தாள் புழக்கத்திலிருந்து போய்விட்டது. மேரியின் படம் நான் பார்த்தவரை ஒரே ஒரு நூலில் இருக்கிறது. கணவர் நுண்ணோக்கியில் குனிந்திருக்க, சற்றுப் பின்னால் நிற்கிறார்.